முதற்பேறும் மறுபேறும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிற் பிற்பகல் வேளையில், கொட்டாஞ்சேனையில் வாழும் என் தங்கை மகள் வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தாள். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. நான்கு வயது நிரம்பிய மூத்த மகன் அவள் கையைப் பற்றியபடி உடன் வந்தான். தேநீர் அருந்தியபின், மடிப்பு நைந்துபோன தாளொன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து என்முன் விரித்து, "மாமா, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

மூத்த பிள்ளையைப் பெற்று அவள் வீடு திரும்பிய நாளில் வைத்தியசாலையிற் கொடுக்கப்பட்ட தாள் அது. 'டயக்னோசிஸ் கார்ட்' என்று நம்மவர் வழங்குவர். யான் முப்பதாண்டுகளாகத் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவன். தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றுக்கு உரையாசிரியர் கொண்ட பொருள் இன்னது என ஒருவாறு சொல்ல வல்லேன். ஆயின் அத்தாளிலிருந்த இரண்டரை வரி எனக்கு விளங்கவில்லை. ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் சில, ஒரு திகதி, ஒரு கையொப்பம், இவ்வளவே அதில் இருந்தன.

"அந்நேரம் உனக்கு என்ன சொன்னவை?" என்று வினவினேன்.

"பிள்ளை தலைகீழாத் திரும்பேல்லை, அதாலை சீசர் செய்யவேணும் எண்டு சொன்னவை. வேறை ஒண்டும் தெரியாது மாமா. ஒருக்காச் சீசர் எண்டால் பிறகு எப்பவும் சீசர்தான் எண்டு மாமியும் சொல்லுறா, பக்கத்து வீட்டாக்களும் சொல்லினம். நானும் இவரும் மூண்டு பிள்ளையள் வேணும் எண்டு நினைச்சனாங்கள். மூண்டு தரம் வெட்டலாமோ எண்டு யோசிக்கப் பயமாயிருக்கு" என்றாள்.

அவள் போனபின் அவ்வினா என்னை விட்டுப் போகவில்லை. மகப்பேற்று வைத்தியராய் விளங்கும் பழைய மாணாக்கர் ஒருவரை அணுகினேன். மாணாக்கரிடம் பாடங் கேட்பதற்கு ஆசிரியன் நாணவேண்டியதில்லை. அவர் இரண்டு மாலைப்பொழுதுகள் எனக்குப் பாடஞ் சொன்னார். அவர் காட்டிய கட்டுரைகளையும் பொறுமையுடன் வாசித்தேன். அவற்றால் யான் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றேன். இஃது ஒரு வீட்டின் செய்தி மட்டும் அன்று. நம் நாட்டிற் பிறக்கும் பிள்ளைகளுள் மூன்றிலொரு பங்கினர் சத்திரசிகிச்சை வழியாகப் பிறக்கும் காலம் வந்துவிட்டது.

காலாற் பிறந்த பிள்ளை

கருப்பையிலுள்ள பிள்ளை பேற்றுக்காலம் நெருங்குகையில் தலையைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொள்வது இயல்பு. சில பிள்ளைகள் அவ்வாறு திரும்பாது, பிட்டமோ காலோ கீழே அமைய இருந்துவிடும். ஏழாம் மாதத் தொடக்கத்தில் நான்கு அல்லது ஐந்து பிள்ளைகளுள் ஒன்று இந்நிலையில் இருக்கும். மாதம் நிறையும்போது பெரும்பாலானவை தாமே திரும்பிவிட, நூற்றுக்கு 3 அல்லது 4 பிள்ளைகளே எஞ்சும். எனவே ஏழாம் மாதத்து ஸ்கான் அறிக்கையைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. 36ஆம் வாரத்து நிலையே கருதத்தக்கது.

என் சிறுவயதில் எம் ஊரிற் காலாற் பிறந்த முதியவர் ஒருவர் இருந்தார். யாருக்காவது முதுகிற் சுளுக்குப் பிடித்தால் அவரை அழைத்துவந்து மெல்ல மிதிக்கச் சொல்வர். காலாற் பிறந்தவர் கால் பட்டாற் சுளுக்கு நீங்கும் என்பது ஊரார் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் பின்னே ஒரு துயரம் மறைந்திருந்தது என்பதை இன்று உணர்கின்றேன். காலாற் பிறந்து உயிர் தப்பி முதுமை எய்துவோர் அந்நாளில் அரியர். அரிதாய் இருந்தமையாலேதான் அவருக்கு அத்தனை மதிப்பு.

இடர் எங்குள்ளது என்பதை வைத்தியர் எளிதாக விளக்கினார். பிள்ளையின் உடலுறுப்புக்களுட் பெரியதும் கடியதும் தலை. தலை முன்வரின், அது வழியை விரித்துவிடும். பின்வரும் உடல் எளிதில் வெளிப்படும். கால் முன்வரின், சிறியது வெளிவந்தபின் பெரியது உள்ளே தங்கும். அவ்வேளை கொப்பூழ்க்கொடி நெருக்குண்டாற் பிள்ளைக்குக் குருதியோட்டம் தடைப்படும். அதன்பின் தாமதிக்கக் கூடிய நேரம் சில நிமிடங்களே.

2000ஆம் ஆண்டின் தீர்ப்பு

இந்நிலையில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது நன்றா, இயல்வழி நன்றா என்னும் வினா நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. கனடா நாட்டு டொரொன்டோவைச் சேர்ந்த வைத்தியர் மேரி ஹன்னா என்பவர் தலைமையில் 26 நாடுகளின் 121 வைத்தியசாலைகளில், 2000க்கு மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 'லான்செட்' இதழில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. இயல்வழிப் பேற்றுக்குத் திட்டமிட்ட தாய்மாரின் பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 இறந்தன அல்லது கடும் ஊறு உற்றன. சத்திரசிகிச்சைக்குத் திட்டமிட்டோரிடையே அத்தொகை நூற்றுக்கு 1.6 ஆகக் குறைந்தது.

ஒரு தனிக் கட்டுரை உலகத்து வைத்தியசாலைகளின் வழக்கத்தை இத்துணை விரைவில் மாற்றியமை அரிது. நெதர்லாந்தில் இவ்வகைப் பேறுகளுட் பாதியே சத்திரசிகிச்சையால் நிகழ்ந்து வந்தன. கட்டுரை வெளிவந்த சில மாதங்களுக்குள் அது நூற்றுக்கு 80 ஆயிற்று. அங்குப் பிள்ளை இறப்பும் குறைந்தது. இதனை மறைத்துப் பேசுவோர் உண்மை பேசுபவர் ஆகார்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆய்விற் பிறந்த பிள்ளைகள் பலரை இரண்டு வயது வரை தொடர்ந்து நோக்கி, 2004இல் வெளியிட்ட முடிவின்படி, இறப்பிலும் மூளை வளர்ச்சிக் குறையிலும் இரு சாராரிடையேயும் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 8000க்கு மேற்பட்ட தாய்மாரை நோக்கிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தகுதியுடைய தாய்மாரை ஆராய்ந்து தேர்ந்து, பழகிய கையினர் உடனிருந்து நடத்தும் இயல்வழிப் பேற்றில் இடர் மிகுதியாகாது என்பது அதன் முடிவு. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கழகம் 2001இற் கூறிய கடும் விதியை 2006இல் தளர்த்தியது.

இங்கிலாந்து மகப்பேற்று வைத்தியர் அரசவைக் கல்லூரி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் இவ்விடர்களை எண்களாற் கூறுகிறது. காலாற் பிறக்கவிருக்கும் பிள்ளையை 39ஆம் வாரத்தின் பின் சத்திரசிகிச்சையால் எடுத்தால், பேற்றை ஒட்டிய இறப்பு ஆயிரத்துக்கு 0.5, இயல்வழியிற் பெறத் திட்டமிட்டால் ஆயிரத்துக்கு 2, தலைகீழாய் இயல்வழியிற் பிறக்கும் பிள்ளைக்கு ஆயிரத்துக்கு 1. இவ்வெண்களை ஒரு தாய்க்குச் சொன்னால் அவளால் விளங்கிக்கொள்ள முடியாதா? முடியும். ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

என் தங்கை மகளுக்கு முதற்பேற்றிற் செய்த சத்திரசிகிச்சை தவறன்று. பிள்ளை நலமாய் இருக்கிறான். அந்தக் கீறலின் விளைவு எத்துணைக் காலம் நீளும் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதே குறை.

பிறந்த பிள்ளையின் மூச்சு

தமிழில் 'உயிர்த்தல்' என்னும் சொல் இருபொருள் தரும். மூச்சு விடுதலும் உயிர்த்தலே, ஈனுதலும் உயிர்த்தலே. பிள்ளை பெறுதலைக் 'கருவுயிர்த்தல்' என்பது பழைய வழக்கு. வைத்தியர் விளக்கத்தைக் கேட்டபோது அச்சொல்லின் பொருத்தம் எனக்கு வியப்பளித்தது.

கருப்பையிலுள்ள பிள்ளையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பேற்று நோவு தொடங்கும்போது தாயிடத்தும் பிள்ளையிடத்தும் சுரக்கும் சுரப்புக்கள் அந்நீரை உறிஞ்சத் தூண்டுகின்றன. நோவு தொடங்குமுன் நாள் குறித்துக் கீறி எடுத்தாற் பிள்ளைக்கு அவ்வாயத்தம் கிடைப்பதில்லை. ஆதலாற் சில பிள்ளைகள் பிறந்தவுடன் மூச்சு வாங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அது மாறும். சிலவேளை தீவிர சிகிச்சைப் பிரிவு வரை செல்ல நேரும். டென்மார்க்கில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, இயல்வழிக்குத் திட்டமிட்டோரின் பிள்ளைகளோடு ஒப்பிட, 37ஆம் வாரத்தில் நாள் குறித்து எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சுத் தொல்லை ஏறக்குறைய நான்கு மடங்கு. 38ஆம் வாரத்தில் மூன்று மடங்கு. 39ஆம் வாரத்தில் இரண்டு மடங்கு. அவசரக் காரணம் இல்லாதவிடத்து 39ஆம் வாரம் நிறையுமுன் நாள் குறித்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து வைத்தியரிடம் நாள் கேட்போர் நம்மிடையே உளர். ஒரு நட்சத்திரத்தைப் பெறும்பொருட்டு ஒரு வாரத்தை இழப்பவர், பிள்ளையின் மூச்சைப் பணயம் வைக்கின்றனர். பஞ்சாங்கத்தை மதிப்பவன் யானும். ஆயினும் அதனைப் பிள்ளை பிறந்தபின் விரித்துப் பார்த்தாற் போதும்.

இன்னுமொரு செய்தி பலர் அறியாதது. காலாற் பிறக்க அமைந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு நன்கு பொருந்தாதிருக்கும் வாய்ப்பு மற்றைப் பிள்ளைகளினும் கூடுதலாகும். கருப்பையில் இருந்த இருப்பினால் நேர்வது ஆகையாற் சத்திரசிகிச்சையால் எடுத்தமை ஒன்றால் அது தீர்ந்துவிடாது. பிறந்தவுடன் வைத்தியர் இடுப்பைச் சோதிப்பார். ஆறாம் வாரம் அளவில் ஸ்கான் செய்து பார்ப்பது இங்கிலாந்து முதலிய நாடுகளில் வழக்கம். காலத்தே கண்டாற் பட்டையணிந்து திருத்தலாம். காணாது விட்டாற் பிள்ளை நடக்கத் தொடங்கியபின் நொண்டும். "பிள்ளை கால்முன் இருந்தது" என்பதைத் தாய் தானே வைத்தியருக்கு நினைவூட்டுதல் நன்று.

தாய்ப்பாலைப் பற்றியும் ஒரு சொல். சத்திரசிகிச்சையின்பின் முதற்பால் கொடுப்பது தாமதப்படுவது உண்டு. வலியும் மயக்கமும் காரணம். ஆயின் தாதிமார் உதவியாற் பிள்ளையை உடனே மார்பில் அணைத்துவிட்டால் அக்குறை பெரிதும் நீங்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டுவதில் இலங்கைத் தாய்மார் உலகோர்க்கு முன்மாதிரி. 2016ஆம் ஆண்டு நாடளாவிய அளவையில் அது நூற்றுக்கு 82 ஆக இருந்தது.

தழும்பு சொல்லும் செய்தி

தாயின் வயிற்றுத் தோலில் உள்ள தழும்பு கண்ணுக்குத் தெரியும். கருப்பையிலுள்ள தழும்பு தெரியாது. மறுபேற்றிற் கருதவேண்டியது பின்னதையே.

முதலாவது இடர், மறுபேற்று நோவின்போது அத்தழும்பு கிழிதல். ஒரு நூற்றாண்டுக்கு முன் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்கே கீறுவர். அத்தழும்பு எளிதிற் கிழியும். எனவே ஒருமுறை கீறியவளை எப்பொழுதும் கீறவேண்டும் என்னும் விதி 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலிருந்து பரவியது. என் தங்கை மகளின் மாமியார் கூறும் விதி அதுவே. ஆனாற் பின்னர்க் கருப்பையின் கீழ்ப்பகுதியிற் குறுக்கே கீறும் முறை பரவிற்று. கீறல் மாறவே விதியும் மாறலாயிற்று. இன்று அவ்வகைத் தழும்பு ஒன்றுடன் இயல்வழியில் முயலும் தாய்மாருட் கிழிதல் நேர்வது ஏறக்குறைய 200 பேருள் ஒருவருக்கே. நூற்றுக்கு 72 முதல் 75 பேர் இயல்வழியிற் பெற்றும் விடுகின்றனர். ஆயினும் 200இல் ஒன்று என்பது சிறிதும் இல்லை என்றாகாது. அவ்வொருத்திக்கு உடனே சத்திரசிகிச்சை கிடைக்கவேண்டும். அவ்வசதியுள்ள வைத்தியசாலையில் மட்டுமே இம்முயற்சி தகும்.

இங்குத்தான் முதற்பேற்றின் காரணம் இன்றியமையாததாகின்றது. தாயின் இடுப்பெலும்பு குறுகியமையாற் பிள்ளை வழியில் தடைப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்திருப்பின், அக்காரணம் மறுமுறையும் வரலாம். பிள்ளை கால்முன் இருந்தமையாற் செய்திருப்பின், அஃது அந்தப் பிள்ளையின் இருப்பைச் சார்ந்த காரணம். மறுபேற்றிலும் பிள்ளை அவ்வாறே அமைவது ஏறக்குறைய நூற்றுக்குப் பத்தே. ஆகையால் இத்தகைய தாய்மார் இயல்வழியில் வெற்றி பெறும் வாய்ப்பு, வழியடைப்பால் வெட்டுண்டவரினும் மிகுதி. ஆனாற் காரணம் இன்னது என்று தாய்க்கோ மறுபேற்று வைத்தியருக்கோ தெரியாவிட்டால் இவ்வேறுபாட்டாற் பயனென்ன?

இரண்டாவது இடர் நஞ்சைப் பற்றியது. இலங்கைப் பாடநூல்கள் இதனைச் சூல்வித்தகம் என்னும். மறு கருவின் சூல்வித்தகம் பழைய தழும்பின்மேற் படிந்து, அதனுள் வேரூன்றிவிடுவது உண்டு. அவ்வாறாயிற் பேற்றின்பின் அது பிரியாது, பெருங்குருதி பெருகும், கருப்பையையே அகற்ற நேரலாம். சூல்வித்தகம் கருப்பை வாயை மூடிக் கீழே படிதல் ஏறக்குறைய 200 கர்ப்பிணிகளுள் ஒருவருக்கு நேர்வது. அமெரிக்காவில் 30,000 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த கட்டுரையின்படி, அவ்வாறு கீழே படிந்த தாய்மாருள் முதற் சத்திரசிகிச்சைக்கு வந்தோருக்கு வேரூன்றல் நூற்றுக்கு 3. இரண்டாவதற்கு வந்தோருக்கு 11. மூன்றாவதற்கு வந்தோருக்கு 40. "மூண்டு தரம் வெட்டலாமோ" என்று என் தங்கை மகள் கேட்டாளே, அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி இவ்வெண்களில் இருக்கிறது. வெட்டலாம்; பலர் நலமே பெற்றுள்ளனர். ஆயின் ஒவ்வொரு வெட்டும் அடுத்ததன் இடரைக் கூட்டுகின்றது.

மூன்றாவது, இடைவெளி. ஒரு பேற்றுக்கும் மறுபேற்றுக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்குக் குறைந்தாற் கிழிதலின் வாய்ப்புக் கூடும். தழும்பு ஆறக் காலம் வேண்டும்.

ஒரு தொகுதியிலிருந்து மற்றொன்றுக்கு

பேறுகளைப் பத்துத் தொகுதிகளாகப் பகுத்து நோக்கும் முறையொன்றை மைக்கேல் ரொப்சன் என்னும் வைத்தியர் 2001இல் வகுத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அதனை யாவரும் கைக்கொள்ளப் பரிந்துரைத்தது. அதன்படி, கால்முன் அமைந்த பிள்ளையைச் சுமக்கும் முதற்பேற்றுத் தாய் ஆறாந் தொகுதியைச் சேர்வாள். சத்திரசிகிச்சையின்பின் மறுமுறை தலைகீழான பிள்ளையைச் சுமந்து மாதம் நிறைந்து வரும்போது, தழும்புடையோருக்குரிய ஐந்தாந் தொகுதியினள் ஆகிவிடுவாள். பல நாடுகளில் மொத்தச் சத்திரசிகிச்சைகளுள் மிகப் பெரும் பங்கு இவ்வைந்தாந் தொகுதியினுடையதே. இன்றைய முதல் வெட்டு நாளைய இரண்டாம் வெட்டைப் பெறுகின்றது என்பதை இப்பகுப்புத் தெளிவாகக் காட்டும்.

இலங்கையில் 2006–07ஆம் ஆண்டு அளவையிற் சத்திரசிகிச்சைப் பேறு நான்கிலொரு பங்கை அண்மித்திருந்தது. 2016இல் மூன்றிலொரு பங்கை அண்மித்தது. தமிழ்நாட்டில் 2019–21ஆம் ஆண்டு அளவையில் நூற்றுக்கு 44.9, இந்தியா முழுவதற்கும் 21.5. ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சையால் இறப்பு மேலும் குறைவதாகக் காணப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இற் கூறியது. வேண்டியவளுக்குக் கிடைத்தல் வேண்டும். எண்ணிக்கையை எட்டுவது நோக்கம் அன்று என்றும் அதுவே கூறியது.

நம் நாட்டு மகப்பேற்று வரலாற்றை மறந்து இதனைப் பேசலாகாது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் 1879இல் எழுந்தது. களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கிற்று. கொழும்புக் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 1950இல் நிறுவப்பட்டது. 1930களில் இலட்சம் பேறுகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட நாட்டில், 2010களின் இறுதியில் அத்தொகை 30ஐ அண்மித்தது. வீடு வீடாய்ச் சென்ற மருத்துவமாதரும், கட்டணம் இன்றித் திறந்திருந்த வைத்தியசாலைகளும், பெண்கல்வியும் சேர்ந்து செய்த சாதனை இது. சத்திரசிகிச்சையும் இதற்குத் துணை நின்றது. ஆனால் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்பின் நிபுணர் பலர் நாடு நீங்கினர். கொழும்பிற் பெற்ற தழும்புடன் ஒரு பெண் மறுபேற்றுக்கு வன்னியிலோ மலைநாட்டிலோ இருக்க நேரலாம். அங்குக் குருதிச் சேமிப்பும் மயக்க வைத்தியரும் எவ்வளவு தொலைவில் உள்ளனர் என்பதும் முதல் வெட்டின்போதே எண்ணத்தக்கது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, பிள்ளையைத் திருப்பிப் பார்த்தல். 36 அல்லது 37ஆம் வாரத்தில், வைத்தியர் வயிற்றின்மேற் கைவைத்து மெல்லத் தள்ளிப் பிள்ளையைத் தலைகீழாகத் திருப்பும் முறை உண்டு. ஏறக்குறையப் பாதிப் பேரிடத்து இது வெற்றி தரும். உடனே சத்திரசிகிச்சை செய்ய நேர்வது 200இல் ஒன்றே. சூல்வித்தகம் வாயை மூடியிருந்தாலோ, இரட்டைப் பிள்ளையாய் இருந்தாலோ இஃது ஆகாது. இத்தகைய வழியொன்று இருப்பதையே முதற்பேற்றின்போது என் தங்கை மகளுக்கு எவரும் கூறவில்லை. கூறியிருந்தால் திரும்பியிருக்கும் என்று யான் சொல்லவில்லை. கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது என்றே சொல்கின்றேன்.

இரண்டாவதாக, கைத்திறன். கால்வழிப் பேற்றை நடத்தும் கலை, பார்த்துப் பழகி வருவது. நாள் குறித்து யாவரையும் கீறிவிடின், இளைய வைத்தியர் அதனைக் காணவும் வாய்ப்பில்லை. ஆயினும் நோவு முற்றி, கால் வெளிப்பட்ட நிலையில் ஒரு தாய் நள்ளிரவில் வருவாள். அன்று கை அறியாது தவிக்கும். ஓதுவார் இன்றிப் போன சுவடிகளின் கதி எமக்குத் தெரியும். இக்கலைக்கும் அக்கதி நேரலாகாது.

மூன்றாவதாக, மொழி. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். அவர் முயற்சியால் மகப்பேற்று மருத்துவ நூலொன்று 1857ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கிய அரசியலமைப்புத் திருத்தம் 1987இல் நிறைவேறியது. இவ்வளவும் நிகழ்ந்தபின், தன் கருப்பை ஏன் கீறப்பட்டது என்பதைத் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு தாய் வாசிக்க முடியாதிருத்தல் முறையா? ஆங்கிலக் குறிப்பு வைத்தியருக்கு வேண்டும். அதனை நீக்கக் கேட்கவில்லை. அதன் கீழே மூன்று வரி தாயின் மொழியில் வேண்டும். ஏன் கீறினோம்; எவ்விடத்திற் கீறினோம்; மறுபேற்றுக்கு என்ன கருதவேண்டும். இவை அச்சிட்ட தாளிற் குறியிட்டாலும் போதும். பணிச்சுமையால் வாடும் வைத்தியருக்கு அரை நிமிட வேலை. தாய்க்கோ வாழ்நாள் முழுமைக்கும் உதவும் சான்று.

என் மாணாக்கர் அந்நைந்த தாளைப் படித்துச் சொன்னார்: "பிட்டம் முன்னிருந்தமையாற் செய்த சத்திரசிகிச்சை. கீறல் கீழ்ப்பகுதியிற் குறுக்கே. வேறு சிக்கல் இல்லை." இரண்டரை வரியிற் பொதிந்திருந்தது இவ்வளவே. நான்காண்டுகள் அச்சம் தந்த தாளில் ஆறுதலும் இருந்தது. அதனைப் படிக்கத்தான் ஆளில்லை.

அன்றிரவே ஐந்து வினாக்களைத் தமிழில் எழுதினேன். தழும்பு எவ்விடத்தது? சூல்வித்தகம் தழும்பின்மேற் படிந்துள்ளதா? பிள்ளையின் தலை எங்குள்ளது? இயல்வழியில் முயன்றால் இந்த வைத்தியசாலையில் இரவிலும் சத்திரசிகிச்சைக்கு வசதி உண்டா? மூன்றாவது பிள்ளை விரும்பினால் எவ்வழி நன்று? அத்தாளுடன் அவள் அடுத்த கிளினிக்குக்குச் சென்றாள். வைத்தியர் சிங்களவர், தமிழறிந்த தாதி ஒருத்தி வினாக்களை ஒவ்வொன்றாய் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விடையளித்தாராம். சூல்வித்தகம் மேலே உள்ளது. பிள்ளையின் தலை இப்போது கீழ்நோக்கியிருக்கிறது. 36ஆம் வாரத்தில் மீண்டும் பார்க்கவேண்டும். இரவிலும் வசதி உண்டு. மூன்றாவது பிள்ளை வேண்டுமாயின் இயல்வழியில் முயல்வதற்கு அஃது ஒரு நல்ல காரணம். தானே நோவு தொடங்கினால் முயலலாம், சத்திரசிகிச்சையே வேண்டுமெனினும் தடையில்லை, தீர்மானம் அவளுடையது என்றாராம்.

அவள் எத்தீர்மானம் கொள்வாளோ, யான் கேட்கவில்லை, கேட்பதும் முறையன்று. ஆனால் தொலைபேசியில் அவள் குரலில் முன்னிருந்த நடுக்கம் இல்லை. "மாமா, அந்தப் பழைய தாளின்ரை பின்பக்கத்திலை எல்லாத்தையும் தமிழிலை எழுதி வைச்சிருக்கிறன்" என்றாள்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்வளவேனும் செய்யலாம். நம்மிடம் படித்த பெண்கள் தாய்மாராய்த் திரும்பி வருகின்றனர். அவர்தம் கையிலுள்ள தாளை அவர்களே வாசிக்கும் மொழியில் எழுதித் தருமாறு கேட்கக் கற்பிப்போம். அவ்வாறு எழுதுவதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் உண்டு. 1857ஆம் ஆண்டிலேயே உண்டு.